பெஞ்சில் அம்மா

விடியற்காலை நாலே முக்காலுக்குக் கைப்பேசி அலறும்போது அம்மா எழுந்து குளித்தும் முடித்திருப்பார். அடுப்படியில் விளக்கு எரியும். ஃபிளாஸ்க்கில் கோப்பி, டப்பாவில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள், வியர்வை துடைக்க ஒரு துண்டு. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று "கிளம்பலாமா?" என்பார். ஓடப்போவது நான், அவசரம் அவருக்கு.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஓடுகிற ஆள் இல்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் கூடாரத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்த ஆள். வயது 36. கணக்கு வேலை. நாள் முழுக்க நாற்காலி. அப்படிப்பட்டவள் 17 வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். வரும் ஞாயிறு கோலாலம்பூரில் மாரத்தான். டத்தாரான் மெர்டேக்காவில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். தூரம் 42.195 கிலோமீட்டர். அதை ஓடி நான் திரட்டும் பணம் வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிறது. என் இலக்கு 8,000 ரிங்கிட்.

ஏன் வாய்ப் புற்றுநோய் என்று பலர் கேட்டார்கள். பாட்டிதான் காரணம்.

அம்மாவைப் பெற்ற பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இருட்டில் பெரட்டுக்குப் போய் நின்று, விடிவதற்குள் நிரைக்குப் போய்விடுவார். பசியாறுவது பத்து மணிக்கு மேல்தான். அதுவரை வயிற்றை ஏமாற்ற இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. லயத்தில் எல்லாப் பெண்களிடமும் அந்தப் பை இருந்தது. யாரும் அதைக் கெட்ட பழக்கம் என்று சொன்னதில்லை. சாமிக்கு வைப்பது, கல்யாணத்துக்குக் கொடுப்பது, வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பது. கெட்டது என்று எப்படிச் சொல்வார்கள்?

பாட்டி 1994-இல் இறந்தார். "வாயில புண்ணு வந்து போய்ட்டாங்க" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அது புற்றுநோய் என்று தெரிந்தது. அதுவரை யாரும் அந்தச் சொல்லை என் காதுபட உச்சரித்ததில்லை.

இங்கே சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையேதான் அதிகம். புகையிலை சேர்க்காமல் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும். பாக்கு மட்டுமே போதும். பாக்கை எங்கே அடக்கி வைக்கிறோமோ, அந்தக் கன்னத்தின் உட்புறத்தில்தான் பெரும்பாலும் கட்டி வருகிறது.

இதனால்தான் ஆராய்ச்சியும் இங்கே நடக்க வேண்டியிருக்கிறது. மேலை நாடுகளில் வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்கள் சிகரெட்டும் மதுவும். வெற்றிலை போடுகிறவர்களின் வாயில் என்ன நடக்கிறது என்று பார்க்க, வெற்றிலை போடுகிறவர்கள் இருக்கும் நாட்டில்தான் பார்க்க வேண்டும். சுபாங் ஜெயாவில் இருக்கும் கேன்சர் ரிசர்ச் மலேசியா அப்படிப் பார்க்கும் இடங்களில் ஒன்று. லாப நோக்கமில்லாத, நன்கொடையை நம்பி நடக்கும் அமைப்பு அது. நம் நாட்டு நோயாளிகள் அனுமதித்துக் கொடுத்த கட்டித் திசுவிலிருந்து உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அவை மடங்குகின்றன என்று சோதிக்கிறார்கள். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க, வாயைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பும் செயலியையும் உருவாக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் வருடக்கணக்கில் நடக்கும் வேலை. வருடக்கணக்கில் பணமும் வேண்டும்.

சரி, அதற்கு ஏன் ஓட வேண்டும்?

குடும்பப் புலனக் குழுவில் என் செய்தியைப் போட்டதும் முதலில் வந்த கேள்வியும் அதுதான். "நீ ஓடுனா நோய் ஓடிடுமா?" என்று பெரிய மாமா கேட்டார். பக்கத்தில் சிரிக்கும் முகம் மூன்று. "நான் ஏன் உன் காலுக்குக் காசு குடுக்கணும்? கோயிலுக்குக் குடுத்தா புண்ணியம்" என்று இன்னொருவர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. நான் ஓடுவதால் எந்த ஆய்வுக்கூடத்திலும் ஒரு விளக்குகூடக் கூடுதலாக எரியப்போவதில்லை.

ஓட்டத்தையும் புற்றுநோய் நிதியையும் உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்க்க வைத்தவர் டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞர். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். அப்போது அவருக்கு 18 வயது. இரண்டு வருடம் முன்பு இதே நோய் வந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து, இப்போது ஐம்பது என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். இடையில் நடந்த ஆராய்ச்சிதான் அந்த வித்தியாசம். 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவி, ஓட்டம் பாதியில் நின்றது. 1981 ஜூன் மாதம் 22 வயதில் இறந்தார். கனடா மக்கள் தொகையில் ஆளுக்கு ஒரு டாலர் என்பது அவருடைய கனவு. அது நிறைவேறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். இன்று பல நாடுகளில் அவர் பெயரில் ஓட்டம் நடக்கிறது. நம் கோலாலம்பூரிலும் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் பெரிய மாமாவுக்கு எழுதினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

பயிற்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஓடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். என் அட்டவணை 18 வாரம். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். மூன்று நாள் சின்ன தூரம், ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம். முதல் ஞாயிறு 6 கிலோமீட்டர். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் 32. அதற்குப் பிறகு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேற்ற வேண்டும். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நம் ஊர் ஈரக் காற்றில் வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. அதனால் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்பும் வேண்டும். இரண்டு கால் நகங்கள் கறுத்துவிட்டன. அவற்றில் ஒன்று விழுந்தேவிட்டது. இத்தனை பாடும் எந்த விளம்பரப் படத்திலும் வராது.

இருட்டில் நான் தனியாக ஓட அம்மா சம்மதிக்கவில்லை. நாய்கள் ஒரு காரணம், மனிதர்கள் இன்னொரு காரணம். "நானும் வர்றேன், ஒக்காந்திருக்கேன்" என்றார். அப்படித்தான் கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பக்கத்துப் பூங்காவில், விளக்குக் கம்பத்தடிப் பெஞ்சு அம்மாவுடையதானது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் அம்மாவைக் கடப்பேன். கையை ஆட்டுவார். சில சுற்றுகளில் கை ஆடாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்.

ஆமாம். வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மகள் ஓடுகிறாள், அதே பூங்காவில் அம்மா உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். அம்மாவுக்கு 63 வயது. தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சுருக்குப் பை மட்டும் அவரை விடவில்லை. நான் சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் "நான் போயிலை போடுறதில்லயே" என்பார். நான் அறிக்கையைப் பற்றிச் சொல்வேன். அவர் "சரிம்மா, நீ ஓடு" என்பார். நானும் ஓடிவிடுவேன். ஓடுவது சுலபமாக இருந்தது.

பத்தாவது வாரம் 3,000 ரிங்கிட்டில் நிதி நின்றுபோனது. சக ஊழியர்கள், தோழிகள் எல்லாரும் கொடுத்து முடித்துவிட்டார்கள். அன்றிரவு குடும்பக் குழுவில் பாட்டியைப் பற்றி எழுதினேன். அவர் பெயர், தோட்டம், சுருக்குப் பை, கடைசி மாதங்கள். கூடவே, "பாட்டிக்கு வந்தது வெறும் புண் இல்லை, புற்றுநோய்" என்றும் எழுதினேன். அனுப்பிய பிறகு கை நடுங்கியது. பெரியவர்கள் மூடி வைத்ததைத் திறந்துவிட்டேனே என்று பயம்.

காலையில் பார்த்தால் 41 செய்திகள். யார் யாருக்கோ என்னென்னவோ நினைவுக்கு வந்திருக்கிறது. லயத்தில் நாலாம் வீட்டுத் தாத்தா, மண்டோர் மனைவி, அப்பா வழி அத்தை ஒருவர். "அவங்களுக்கும் அதேதான். அப்ப யாருக்குத் தெரியும்?" என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். பெரிய மாமா ஒரு வார்த்தையும் எழுதாமல் 500 ரிங்கிட் அனுப்பியிருந்தார். நான் வழக்கமாக மதியம் சாப்பிடும் வாழையிலைக் கடையில் கல்லாவில் இருப்பவருக்கு எப்படியோ செய்தி போயிருக்கிறது. பில்லுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பி என்னிடமே தள்ளி, "இத அதுல சேத்துக்குங்க. எங்கப்பாவும் அப்டித்தான் போனாரு" என்றார்.

அந்த 41 செய்திகளுக்கு நடுவில் ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவின் குரல் பதிவும் இருந்தது. "எல்லாஞ் சரி, கண்ணு. ஒங்கம்மா வாயப் பாத்தாச்சா?"

அதை மூன்று முறை கேட்டேன். ஊரிலிருக்கும் எல்லாரிடமும் ஆயிரக்கணக்கில் பணம் கேட்டிருக்கிறேன். பத்து வாரமாக அறிக்கைகளைப் படித்து, படம் போட்டு, மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவை "வாயைத் திற, பார்க்கிறேன்" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. பார்த்தால் ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயம். பாட்டி கடைசி மாதங்களில் வாயை முந்தானையால் மூடிக்கொண்டே இருப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு 26 கிலோமீட்டர். ஓடி முடித்துப் பெஞ்சில் விழுந்தேன். அம்மா டப்பாவைத் திறந்து நீட்டினார். ஒரு சுளையை அவர் வாயருகே கொண்டு போனேன். தலையைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் உறைத்தது. பத்து வாரமாக எனக்கு ஆரஞ்சு உரிக்கிறார், ஒரு சுளைகூட அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, வேணாமா?"

"எரியுது."

"எத்தன நாளா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தீவாளிக்கு முன்னாலேர்ந்து. ரசங்கூட ஒத்துக்க மாட்டேங்குது." தீபாவளி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

என்ன சொல்வதென்று தெரியாமல் கைப்பேசி விளக்கைப் போட்டேன். பூங்காப் பெஞ்சில் அம்மா வாயைத் திறந்தார். முழுதாகத் திறக்க முடியவில்லை. இடது கன்னத்தின் உள்ளே, பாக்கு அடக்கும் இடத்தில், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று. கட்டைவிரல் நகம் அளவு.

"பாட்டிக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தது யாருன்னு தெரியுமா? நாந்தான். ஏழு வயசுலேர்ந்து. அவங்களுக்கு ஒண்ணு மடிச்சா எனக்கொரு துண்டு பாக்கு" என்றார் அம்மா. பிறகு ஃபிளாஸ்க்கை மூடினார். "நாளைக்கு எந்த கிளினிக்குப் போவணும், சொல்லு."

அரசாங்கப் பல் கிளினிக்குக்குத்தான் போனோம். செலவு சில வெள்ளிதான். இளம் பல் மருத்துவர், மலாய்க்காரப் பெண். பார்த்த உடனே முகம் மாறவில்லை, அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "மக்சிக் எவ்வளவு நாளாகச் சீரே சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு, விரலால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே மரத்துப் போக ஊசி போட்டு, திட்டிலிருந்து சிறு துண்டு சதை எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரத்தில் நான் ஓடிய ஓட்டம் எதுவும் நினைவில் இல்லை. ஒரு ஞாயிறு 30 கிலோமீட்டர் என்று அட்டவணையில் எழுதியிருந்தது. 19-இல் உட்கார்ந்துவிட்டேன். காலில் ஒன்றுமில்லை, மனசு வரவில்லை. அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "மீதியப் பேசிக்கிட்டே நடக்கலாம், வா" என்றார். மூன்று சுற்று நடந்தோம். பாட்டியை அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போன நாளைப் பற்றி அன்றுதான் முழுதாகச் சொன்னார். கட்டி கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த பிறகுதான் போனார்களாம். "முன்னாலயே வந்திருக்கலாமே" என்று டாக்டர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் உயிரணுக்களில் லேசான மாற்றம் தொடங்கியிருக்கிறது. அப்படியே விட்டால் சிலருக்கு அது புற்றாக மாறும், சிலருக்கு மாறாது. யாருக்கு மாறும் என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், பாக்கை அடியோடு நிறுத்த வேண்டும். யாருக்கு மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதுதான் ஆராய்ச்சி தேடுவது. பெரிய மாமாவின் கேள்விக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. அவரிடம் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

அம்மா பாக்கை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். ஐம்பது வருடத்துக்கு மேலான பழக்கம். முதல் வாரம் தலைவலி, எரிச்சல், என்னோடு இரண்டு சண்டை. இப்போது சுருக்குப் பையில் ஏலக்காயும் கிராம்பும் இருக்கின்றன. ஆறு வாரத்தில் இரண்டு முறை பாக்கு போட்டிருக்கிறார். இரண்டையும் அவரே வந்து சொன்னார்.

உங்களிடம் நான் பணம் கேட்கப்போவதில்லை. நேற்றுவரை 7,460 ரிங்கிட் சேர்ந்திருக்கிறது, மீதியையும் எப்படியாவது சேர்த்துவிடுவேன். உங்களிடம் கேட்பது வேறு. வீட்டில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிற பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, காரம் பட்டால் எரிச்சலோ, வாயைத் திறக்கச் சிரமமோ இருந்தால் பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை காட்டுவது நல்லது. வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் அது வலிப்பதில்லை. நம் நாட்டில் பலர் வலித்த பிறகு வருவதால்தான் தாமதமாகிவிடுகிறது.

வரும் ஞாயிறு அம்மாவும் கோலாலம்பூருக்கு வருகிறார். அத்தனை கூட்டத்தில் எங்கே உட்காருவார் என்று எனக்கு இப்போதே கவலை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆரஞ்சு எத்தனை வாங்குவது என்றுதான் நேற்றுக் கேட்டார்.